ஏற்காட்டை ஓர் ஊராக எழுதுவது எப்படி? உறுப்பினர்களின் திருத்தங்கள் வேண்டும்

அஸ்தம்பட்டிக்காரர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களைப் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் படிப்பதற்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஊர்க்குறிப்புகள் எழுதி வருகிறோம். அடுத்ததாக ஏற்காட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வரைவின் சுருக்கத்தைக் கீழே தருகிறேன். பிழைகளையும் விடுபட்டவற்றையும் தயங்காமல் சொல்லுங்கள்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலம் நகரம் 300 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாது. ஆகவே அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும் ஒருவர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறார். ஏரியும் காடும் சேர்ந்த இடம் என்பதால் இப்பெயர் வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரரான காக்பர்ன் இங்குக் காபிப் பயிரைக் கொண்டுவந்தார். சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842இல் இம்மலையை அளந்தார். ஏரி, கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், பகோடா முனை, லேடீஸ் சீட், மே மாதக் கோடை விழா ஆகியவை இவ்வூரின் சிறப்புகள்.

எனக்கு இந்த மலை வீட்டுச் சுவர் போன்றது. சிறுவயதில் கோடை இரவுகளில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது, வடக்கே இருட்டில் நட்சத்திரங்களுக்குக் கீழே இன்னொரு வரிசை விளக்குகள் தெரியும். அவை வளைவுகளில் இறங்கும் லாரிகளின் விளக்குகள் என்று அம்மா காட்டுவார். அந்த நெருக்கத்தாலேயே என் வரைவில் ஏதோ குறைகிறது என்பதை உணர முடிகிறது. படித்துப் பார்த்தால் இது சுற்றுலா விடுதியின் துண்டறிக்கையைப் போல இருக்கிறது. அங்கே வாழ்பவர்களோ வாழ்ந்தவர்களோ இருந்தால் உதவுங்கள்.

காபிக்காட்டு மகள்

அஸ்தம்பட்டி ஐயாவுக்கு வணக்கம். என் தந்தை ஓர் எஸ்டேட்டில் வேலையாள்களை மேற்பார்க்கும் மேஸ்திரியாக இருந்தார். பத்தாம் வகுப்பு வரை, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தேன். உங்கள் வரைவில் காபி ஒரே வரியில் வந்து ஒரே வரியில் போய்விடுகிறது. ஆனால் மலையில் ஆண்டு என்பதே காபியின் ஆண்டுதான்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் முதல் கோடை மழையைப் பூமழை என்போம். அம்மழை விழுந்து ஒன்பது, பத்து நாள்களில் செடிகள் முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த அந்த வாசனை மூன்று நான்கு நாள்தான் நிற்கும். பூமழை தவறினால், அல்லது பூத்த நாளிலேயே மழை அடித்துவிட்டால், அந்த ஆண்டின் வருமானம் அப்போதே குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். பூவிலிருந்து பழம் ஆவதற்கு எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை பறிப்பு நடக்கும்.

பறிப்பை நீங்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். சிவந்ததை மட்டும் இரண்டு விரல்களால் திருகி எடுக்க வேண்டும்; காம்பு பிய்ந்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்தக் கணுவில் பூ வராது. என் அம்மா பேசிக்கொண்டே பறிப்பார். கண் கொத்தில் இருக்காது, விரல்களுக்கே பழுத்தது தெரியும். காலைப் பனியில் இலைகள் சொட்டச் சொட்டப் புடவை முழங்கால் வரை நனைந்துவிடும் என்பதால் எல்லாப் பெண்களும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் நுழைவார்கள். பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கி, வழுவழுப்பு போகும்வரை தொட்டியில் ஊறவைத்து, கழுவிக் களத்தில் காயவைப்பார்கள். ஒரு கிலோ காபிக்கொட்டை கிடைக்க ஐந்து, ஆறு கிலோ பழம் வேண்டும். இந்தக் கணக்கை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

நிழல் மரங்களையும் மறக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் கீழே காபி நிற்கும், இடையிடையே பலாவும் ஆரஞ்சும் இருக்கும். விலை விழும் ஆண்டுகளில் குடும்பங்களைக் காப்பாற்றுவது மிளகுதான். 1990களின் நடுவில் காபி வாரியம் மொத்தமாக வாங்கி விற்கும் முறை முடிவுக்கு வந்தபின், உலகச் சந்தை விலை நேரடியாக எங்கள் களத்துக்கே வந்துவிட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் ஒரு நல்ல அறுவடை ஆண்டில் நாங்கள் தீபாவளிக்குக் கடன் வாங்கினோம். பழம் நிறைய இருந்தது. அதற்கு விலைதான் இல்லை.

பழைய ஏடு

நண்பரே, உங்கள் வரைவில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அது உங்கள் பிழையன்று. இணையத்திலும் வழிகாட்டி நூல்களிலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதால் ஊன்றிப்போன பிழை. தாமஸ் மன்றோ 1842இல் ஏற்காட்டை அளந்திருக்க முடியாது. அவர் 1827 ஜூலையில், இன்றைய ஆந்திரத்தில் உள்ள பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துவிட்டார். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக இந்த மாவட்டத்தில் நில அளவையும் வரி நிர்ணயமும் செய்தவர் அவர். சேலம் மண்ணோடு அவருக்கு உள்ள உண்மையான தொடர்பு அதுதான். அதை எழுதுங்கள், 1842ஐ நீக்கிவிடுங்கள். மாணவர்கள் கையில் கொடுக்கும் ஏட்டில் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆன ஒருவர் மலையேறக் கூடாது.

காக்பர்னைப் பற்றி எழுதியது சரி. அவருடைய பெயரோடு காபியை மட்டுமன்றிப் பழமரங்களையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

நீங்கள் விட்டுவிட்ட இருவரைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாமவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30ஆம் நாள் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் மனித வாழ்வின் தொன்மையைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கி நகர்த்தியவர். நிலவியல் துறைப் பணிகளுக்குப் பின் ஏற்காட்டில் தங்கி வாழ்ந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது.

இரண்டாமவர் அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். 1855இல் தினவர்த்தமானி என்னும் தமிழ் இதழைத் தொடங்கியவர். 1882இல் ஏற்காட்டில் காலமானார். தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் திரட்டியவரின் கடைசி நாள்கள் சேர்வராயன் மலையில் கழிந்தன என்பதைச் சேலத்துப் பிள்ளைகள் அறியாமல் வளர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மலைக்கிராமத்து ஆசிரியர்

நான் இம்மலையில் பிறந்து, இம்மலையிலேயே பணிசெய்பவன். எல்லோருடைய பதிவுகளும் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வரைவில் கலெக்டர் வருகிறார், ஆளுநர் வருகிறார், சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவர்கள் எங்கும் இல்லை.

எங்கள் மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை, எங்கள் தாய்மொழி தமிழ். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளில் பழங்குடியினர் சான்றிதழை நீட்டியபோது, கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் "கேரளாவுக்குப் போய்க் கேளுங்கள்" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார். அந்தச் சொல் இன்றும் மறக்கவில்லை. ஆகவே இந்த விளக்கத்தைக் குறிப்பின் முதல் பத்தியிலேயே வைக்குமாறு கேட்கிறேன்.

எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்றும், அவர்கள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்றிலும் பிரிந்து குடியேறினார்கள் என்றும் எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள். மலையின் உச்சியில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு எல்லாக் கிராமங்களிலிருந்தும் எங்கள் மக்கள் வந்து சேர்வார்கள். வரைவில் அக்கோயில் பார்க்க வேண்டிய இடங்களின் வரிசையில் மூன்றாவதாக இருக்கிறது. எங்களுக்கு அது மலைக்கே பெயர் கொடுத்த சாமி.

ஃபூட் அவர்களைப் பற்றிச் சொன்ன நண்பருக்கு நன்றி. இம்மலைப் பக்கம் கிடைத்த வழுவழுப்பான கற்கோடரிகளை மக்கள் பிள்ளையார் மேடைகளில் வைத்து வழிபட்டதும் அக்காலத்து ஆய்வாளர்களின் பதிவுகளில் இருக்கிறது. அவர்கள் அவற்றைக் கருவியாகப் பார்த்தார்கள். எங்கள் பாட்டன்மார் சாமியாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

ஏற்காடு எதற்காக இருக்கிறது என்று கேட்டால் என் விடை இதுதான்: நாகலூர், மஞ்சகுட்டை, வெள்ளக்கடை, செம்மநத்தம், வேலூர், மாரமங்கலம் முதலிய ஊராட்சிகளில் சிதறிக்கிடக்கும் சிறுகிராமங்களுக்கு அதுவே கடைவீதி, வட்டாட்சியர் அலுவலகம், வங்கி, மருத்துவமனை, ஒன்றிய அலுவலகம். ஒண்டிக்கடை என்னும் சந்திப்பில் பயணிகள் மிளகாய் பஜ்ஜி சாப்பிடும் அதே நேரத்தில், பக்கத்திலேயே ஓர் ஆள் ரேஷன் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு கிராமத்துப் பேருந்துக்காக நின்றுகொண்டிருப்பார். உங்கள் குறிப்பு அந்த ஆளைப் பார்க்க வேண்டும்.

என் தாயார் ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபோது, வண்டி வரும் சாலை வரை கம்பில் போர்வையைக் கட்டித் தூளியாகத்தான் தூக்கிவந்தோம். ஏற்காட்டில் முதலுதவி கிடைத்தது; எலும்பு சேர்க்கச் சேலம் போக வேண்டியிருந்தது. அந்த இருபது வளைவுகளில் ஒவ்வொன்றிலும் அவர் என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்பதை இப்போதும் என்னால் சொல்ல முடியும். பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் வளைவுகள் அவையேதான்.

காபிக்காட்டு மகள்

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்துச் சிறிது நேரம் வேறு வேலை ஓடவில்லை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். காபி வந்திராவிட்டால் சாலையோ, கடைவீதியோ, அந்த மருத்துவமனையோ இவ்வளவாவது வந்திருக்குமா? எஸ்டேட் வேலைக்கென்று சமவெளியிலிருந்து ஏறிவந்த எங்களைப் போன்றவர்களும் நான்கு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம். நாங்களும் இவ்வூரின் மக்கள் என்று குறிப்பில் இருக்க வேண்டும்.

மலைக்கிராமத்து ஆசிரியர்

அம்மா, நீங்களும் ஊர் மக்கள்தான். அதில் எனக்கு ஐயமே இல்லை. என் வகுப்பில் லைன் வீட்டுப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, காபிக்கு முன்பு இந்தச் சரிவுகள் வெறுமையாக இருக்கவில்லை என்பது மட்டுமே. சாமையும் தினையும் ராகியும் விளைந்த கொல்லைகள் இருந்தன. இன்று எங்கள் கிராமங்களிலும் வீட்டைச் சுற்றிக் காபியும் மிளகும்தான் நிற்கின்றன. என் வீட்டிலும் அப்படித்தான். சாமைச் சோற்றை என் மகள் பொங்கலுக்கு மட்டும் பார்க்கிறாள். அதனால் காபியால் கிடைத்ததையும் போனதையும் சேர்த்தே எழுதட்டும்.

ஓமலூர் வாசகர்

யாரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. கீழே இருக்கும் எங்களுக்கு இம்மலையின் முதன்மையான பொருள் அதுதான். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாக விழுகிறது என்பது பலருக்குத் தெரியும். சேலம் நகரத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர், எடப்பாடி வழியாகப் போகும் சரபங்கா ஆறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. இரண்டும் காவிரிக்குப் போகின்றன. வடபுறச் சரிவில் விழும் மழை வாணியாறாகித் தருமபுரி மாவட்டத்துக்குள் இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே உள்ள அணையில் தேங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. அதாவது, மலைமுகட்டில் ஒரு கூரையின் இரண்டு பக்கத்திலும் வடியும் நீர் இரண்டு வெவ்வேறு ஆறுகளின் வழியாகக் கடலுக்குப் போய்ச்சேரக்கூடும். பிள்ளைகளுக்கு நிலப்படத்தில் இதை வரைந்து காட்டினால் மலை என்றால் என்ன என்பது புரிந்துவிடும்.

சேலத்துக்குள் திருமணிமுத்தாறு இன்று சாக்கடையின் நிறத்தில் ஓடுகிறது. மலையில் பிறக்கும்போது அது அப்படி இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

பாதையைப் பற்றியும் ஒன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, நமக்குச் சுற்றுலா நின்றது. மலையில் இருப்பவர்களுக்குக் காய்கறியும் மருந்தும் நின்றன. அடிவாரத்துப் பாதை ஒன்றே போதும் என்று எண்ணிவிடாமல், குப்பனூர் வழியாகக் கொட்டச்சேட்டுக்கு ஏறும் மற்றொரு சாலையையும் குறிப்பில் காட்டுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரர்

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மன்றோவை நீக்கிவிட்டேன். ஃபூட், பெர்சிவல் இருவரையும் சேர்த்துவிட்டேன். ஆசிரியர் ஐயா சொன்னது சரி: நான் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு பார்த்த மலையை எழுதியிருக்கிறேன், மலையிலிருந்து பார்க்கவில்லை.

சென்னையிலிருந்து ஈரோட்டுக்கு இரவில் ஓடும் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன். ஊரின் பெயரை நாள்தோறும் தாங்கிச் செல்லும் அந்த ரயில் சேலம் ஜங்ஷனில் நின்றுவிட்டுப் போய்விடுகிறது. தண்டவாளம் மலைமேல் என்றும் ஏறியதில்லை. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கு வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து சேர்வதையும், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும், இம்மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்னும் மரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என நினைக்கிறேன்.

ஓர் ஐயம். ஏரி, காடு என்று பிரித்தால் ஏரிக்காடு என்றுதானே வர வேண்டும்? றகரம் எங்கிருந்து வந்தது?

பழைய ஏடு

நல்ல கேள்வி. இலக்கணப்படி ஏரி என்பதிலிருந்து றகரம் பிறக்காது. கல், காடு என்னும் சொற்கள் புணர்ந்தால் கற்காடு ஆவதுபோல லகரம் றகரமாகத் திரியலாம். ஆறு, நீர் என்பன ஆற்றுநீர் ஆவதுபோல றகரமே நின்று இரட்டித்தும் வரலாம். ரகரம் அப்படித் திரிவதில்லை. ஆகவே "ஏரியும் காடும் சேர்ந்ததால் இப்பெயர் வந்தது" என்று முடித்துவிடாமல், "ஏரியும் காடும் சேர்ந்த பெயர் என்று மக்கள் பொருள் சொல்கிறார்கள்" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் மாற்றத்தில் குறிப்பு நேர்மையாகிவிடும்.

அஸ்தம்பட்டிக்காரர்

திருத்திய தொடக்கப் பத்தி இதோ:

"சேர்வராயன் மலையின் சிறுகிராமங்களிலிருந்து காலைப் பேருந்தில் வருபவர்கள் ஒண்டிக்கடையில் இறங்குகிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு சிலர், வங்கிக்குச் சிலர், மிளகு விற்கச் சிலர், காய்ச்சல் கண்ட குழந்தையோடு சிலர். அவர்களில் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்தவரைக் குறிக்கும் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருபவர்களின் முன்னோர் காபி வேலைக்காகச் சமவெளியிலிருந்து ஏறிவந்தவர்கள். இவர்கள் கூடும் இடத்துக்கு ஏற்காடு என்று பெயர். இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதற்கும் மேலே, மலையுச்சிக் குகையில் சேர்வராயன் இருக்கிறார்."

அடுத்த பத்தியைப் பூமழையிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீருக்குத் தனியாக ஒரு படம் வரைகிறோம்.

காபிக்காட்டு மகள்

"மிளகு விற்கச் சிலர்" என்ற இடத்தில் என் அப்பாவைப் பார்த்தேன். இடுப்பில் கட்டும் சாக்கையும் அடுத்த பத்தியில் மறக்காமல் எழுதுங்கள் ஐயா.

மலைக்கிராமத்து ஆசிரியர்

இந்தத் தொடக்கத்தை இன்று ஒன்பதாம் வகுப்பில் வாய்விட்டுப் படித்தேன். "சார், இது நம்ம பஸ்ஸு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிள்ளைகள் மூன்று திருத்தங்கள் சொன்னார்கள். மனுவோடு வருபவர்களில் பாதிப்பேர் சாதிச் சான்றிதழுக்காக வருகிறார்கள் என்பதால் அதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டுமாம். காட்டெருமை காபிக் காட்டுக்குள் வருவதையும், அதனால் மாலையில் தனியாக நடக்க முடியாததையும் சேர்க்க வேண்டுமாம். மூன்றாவது, ஊர்ப் பெயர்கள்: நிலப்படத்தில் எழுதும்போது வாழவந்திக்கு ழகரம் போடுங்கள், தலைச்சோலையில் சகர ஒற்றை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.